கும்பா மாமாவின் வாய்

‘புஸ்வாணம்’ பத்திரிகையின் பதினாறாம் ஆண்டு மலரில் அதன் வரலாறு இரண்டு பக்கத்துக்கு வந்திருந்தது. எழுதியவர் முதலாளி சங்கரலிங்கம். குழந்தைச் செல்வங்கள் எந்நாளும் சிரித்து வாழவேண்டும் என்ற ஏக்கம் தமக்குப் பால்ய வயதிலிருந்தே இருந்ததாகவும், அந்த ஏக்கம் ஒருநாள் விடியற்காலையில் கனிந்து பத்திரிகையாக மலர்ந்ததாகவும் அதில் கண்டிருந்தது.

அதை அடிக்கும் அச்சாபீசில் கல் தேய்க்கும் பெத்தணனுக்கு இந்த ஏக்கத்தைப் பற்றித் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் காலண்டர் வெட்டிய மிச்சத் தாள்தான்.

சிவகாசியில் அப்போது கல் அச்சு. வெடி லேபிள், தீப்பெட்டி லேபிள், சாமி காலண்டர் எல்லாம் வழவழவென்ற கனத்த கல்லில் திருப்பி எழுதி, தாளில் நேராக விழ வைப்பார்கள். ஒரு வேலை முடிந்ததும் கல்லின் மேல் மணலும் தண்ணீரும் விட்டு, இன்னொரு கல்லைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்க்க வேண்டும். பழைய படம் போய்விடும். மறுநாள் அதே கல்லில் வேறு படம் ஏறும். இந்தத் தேய்க்கிற வேலை பெத்தணனுடையது. எத்தனையோ லட்சுமியும் சரசுவதியும் அவன் கையால்தான் மறைந்தார்கள்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் தை மாதம். காலண்டர் சீசன் முடிந்து மிஷின் நின்றது. சும்மா நிற்கிற மிஷினைக் கண்டால் முதலாளிக்குச் சோறு இறங்காது. சரக்குக் கிட்டங்கியில் காலண்டர் ஓரம் வெட்டிய தாள் ஆளுயரத்துக்குக் கிடந்து கரையான் பிடிக்கிறது. ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம். அதைக் கையில் எடுத்து, படம் போடும் தனுஷ்கோடியைக் கூப்பிட்டார்.

“ஏலே, இதுல என்னமாச்சும் அடிச்சு விக்க முடியுமா?”

“சின்னப்பிள்ளைக வாசிக்க சிரிப்புப் படம் அடிக்கலாம் மொதலாளி.”

“அடி. கலரு புதுசா வாங்கிராத. மிச்சங் கெடக்கதப் போடு.”

அவ்வளவுதான் தொடக்கம். பத்திரிகையின் அளவை முடிவு செய்தது காலண்டர். கலரை முடிவு செய்தது வெடி லேபிள். சிவப்பு மிஞ்சிய மாதம் அதன் சிரிப்புப் படக் கோமாளி கும்பா மாமா சிவப்பு வேட்டி கட்டினார், பச்சை மிஞ்சினால் பச்சை. ‘ஆடி மாதம் மாமா ஏன் மஞ்சள் வேட்டி கட்டினார், விரதமா?’ என்று காரைக்குடியிலிருந்து ஒரு பிள்ளை கடிதம் எழுதிக் கேட்டதாம். “பேரே புஸ்வாணம், எம்புட்டு நேரம் நிக்கப் போகுது?” என்று மிஷின்காரன் சோணைமுத்து சிரித்தான். மூன்று மாதம் என்று முதலாளியும் கணக்குப் போட்டிருந்தார்.

கும்பா மாமா வந்த கதையும் பெரிய கதை இல்லை. தனுஷ்கோடிக்கு ஒரு கோமாளி முகம் தேவைப்பட்டது. மத்தியான வேளை. எதிரே வேப்பமரத்தடியில் பெத்தணன் பெரிய கும்பாவில் கம்மங்கூழைக் கரைத்து, முகத்தை உள்ளே விட்டுக் குடித்துக்கொண்டிருந்தான். கும்பாவுக்கு இரண்டு பக்கமும் காது மட்டும் வெளியே நின்றது. விசிறி மாதிரிக் காது. தலையில் முண்டாசு, மூக்கு நுனியில் மரு. தனுஷ்கோடி அப்படியே வரைந்துவிட்டான்.

“பெத்தணண்ணே, ஒம்ம மொகம் புஸ்தகத்துல வந்துருச்சு.”

பெத்தணன் அதை வாங்கிப் பார்த்தான். இதுவரை அவன் முகத்தை யாரும் படம் எடுத்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினான். “சாமிக்குப் பக்கத்துலயா?” என்றாள் பெண்டாட்டி கருப்பம்மாள். “சாமியும் நம்ம ஆபீசுல அடிச்சதுதான” என்றான்.

அவனுக்கு எழுத்துத் தெரியாது. கருப்பம்மாளுக்கும் தெரியாது. மகள் வீரலட்சுமி அப்போது மூன்றாம் வகுப்பு. மாதாமாதம் புத்தகம் வந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து வாசிக்கச் சொல்வான். படத்தில் கும்பா மாமாவின் வாயிலிருந்து ஒரு முட்டை மாதிரி வட்டம் கிளம்பும். அந்த முட்டைக்குள் அவர் பேசுவது எழுதியிருக்கும். பிள்ளை விரல் வைத்து வாசிக்கும். கும்பா மாமா திருடனைப் பிடித்தார். கும்பா மாமா கிணற்றில் விழுந்த ஆட்டைத் தூக்கினார். கும்பா மாமாவுக்குக் கலெக்டர் மாலை போட்டார்.

தெருவில் நடந்தால் பிள்ளைகள் “கும்பா மாமா, கும்பா மாமா!” என்று பின்னாலேயே ஓடிவரும். பெத்தணன் மடியிலிருந்து பொரிகடலை எடுத்துக் கொடுப்பான். பெரிய ஆட்கள்கூட அவனைப் பார்த்ததும் சிரித்த முகமாகிவிடுவார்கள். இந்த ஊரில் இவ்வளவு மரியாதை முதலாளிக்குக்கூட இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். பத்து வருஷம் அப்படித்தான் நினைத்தான்.

அறுபத்தொன்றில் ஒரு தப்பு நடந்தது. இன்னும் அச்சேறாத சங்குசக்கர வெடி லேபிள் கல்லைப் பெத்தணன் தேய்த்துவிட்டான். முதலாளி ஆடித் தீர்த்துவிட்டு ஓர் ஏற்பாடு செய்தார். இனிமேல் கல்லின் ஓரத்தில் சாக்பீசால் எழுதியிருக்கும். தேய்க்க வேண்டிய கல்லில் ‘அழி’. தேய்க்கக் கூடாத கல்லில் ‘வை’. இந்த இரண்டையும் பெத்தணன் கற்றுக்கொள்ள வேண்டும்.

கற்றுக்கொண்டான். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இரண்டு சொல் தெரிந்ததும் மூன்றாவது சொல்லுக்கு ஆசை வந்தது. கல்லைக் கழுவும்போதெல்லாம், “இது என்ன எழுத்துங்க?” என்று தனுஷ்கோடியைக் கேட்பான். அவனும் வேலைக் கவனத்தில், பின்னால் என்ன ஆகும் என்று யோசிக்காமல், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தான். கல்லைத் தொட்டால் தனுஷ்கோடியின் கை தானாகவே திருப்பித்தான் எழுதும். சாக்பீசில் எழுதினாலும் அப்படியே. ஆக, பெத்தணன் படித்ததெல்லாம் தலைகீழ்ப் படிப்பு. கல்லில் உள்ளதை ஓரளவு வாசிப்பான். தாளில் நேராக இருந்தால் ஓர் எழுத்தும் ஓடாது.

மறு வருஷம் தை பிறந்தது. வீரலட்சுமிக்குப் பதினெட்டு வயது. தாயில்பட்டியில் கரிசல்காடும் வண்டிமாடும் வைத்திருந்த அய்யாதுரை, தன் மகனுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். மாசி முதல் வாரம் பரிசம்போட வருவதாகச் சொல்லியிருந்தது. சந்தோஷத்தில் பெத்தணன் இதை அச்சாபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டான்.

நாலு நாள் கழித்து மாசி இதழின் கறுப்புக் கல் அவன் பார்வைக்கு வந்தது. ஒவ்வொரு கலருக்கும் ஒரு கல் உண்டு. கறுப்புக் கல்லில்தான் கோடும் எழுத்தும். கடைசியாக ஏறுவதும் அதுதான். பெத்தணன் சும்மா எழுத்துக்கூட்டிப் பார்த்தான். தலைப்பு, ‘கும்பா மாமா வீட்டில் சம்பந்தி விருந்து’. முதல் கட்டத்தில் மாமா வடைத் தட்டோடு அடுப்படியில் நிற்கிறார். முட்டைக்குள் எழுதியிருந்தது: ‘சம்பந்தி வந்தா பங்கு கேப்பான். வாரதுக்குள்ள காலி பண்ணிருவோம்!’ மூன்றாம் கட்டத்தில் வாசலில் சம்பந்திகள். மாமாவின் வாயில் ஏழு வடை. ‘எங்க வீட்ல வடையே சுடலையே!’ நாலாம் கட்டத்தில் சம்பந்தி சொல்கிறார்: ‘அப்பனே இப்படின்னா மக எம்புட்டுத் தின்பாளோ!’

பெத்தணன் இரண்டு தரம் வாசித்தான். அப்புறம் கல்லை விட்டு எழுந்துபோய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தான். கூழைக் கரைக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் பரணிலிருந்த பழைய புத்தகங்களை எல்லாம் இறக்கினான். ஆணியில் தொங்கிய கண்ணாடியை எடுத்துச் சுவரில் சாத்திவைத்து, எதிரே புத்தகத்தைப் பிடித்தான். கண்ணாடிக்குள் எழுத்துகள் திரும்பி, கல்லில் இருப்பதுபோல் ஆகிவிட்டன.

“என்னங்க, மொகஞ் செரைக்கப் போறீகளா?” என்றாள் கருப்பம்மாள்.

அவன் பத்து வருஷத்துக் கும்பா மாமாவைக் கண்ணாடிக்குள் வாசித்துக்கொண்டிருந்தான். திருடன் கும்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறான். ‘கூழ மட்டும் வச்சிட்டுப் போப்பா’ என்கிறார் மாமா. கலெக்டர் மாலையை மாட்டுக்குப் போடப் போனபோது மாமா குறுக்கே தலையை நீட்டிவிட்டார். கிணற்றில் விழுந்தது ஆடே இல்லை.

வெளியே போயிருந்த வீரலட்சுமி உள்ளே வந்தாள். கண்ணாடியையும் புத்தகத்தையும் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“ஏத்தா,” என்றான் பெத்தணன், “இதுல பன்னிய வெரட்டுனேன்னு வாசிச்ச. இங்கன பன்னிதான என்னைய வெரட்டுது?”

“நீங்க முன்னால ஓடுறீக, அது பின்னால வருது. பன்னிக்கு வழி காட்டுறீகன்னுதான் வாசிச்சேன்.”

“ஊரே சிரிச்சுருக்கு.”

“சிரிச்சாகதான்.”

“பத்து வருசமா எனக்குப் பொரிகடலை செலவு வேற.”

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு அழுதாள். “மூணாவது படிக்கையில ஒரு நாளு உள்ளதயே வாசிக்கலாம்னுதான் வாயத் தொறந்தேன். நீங்க என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தீக. எப்படிய்யா வாசிக்க?”

பெத்தணனுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. மாசி இதழ் மட்டும் மனதில் நின்றது. பரிசத்துக்கு இரண்டு நாள் முன்னால் அது கடைக்கு வந்துவிடும். தாயில்பட்டிக்கும் போகும். அய்யாதுரையிடம் யாராவது வாசித்துக் காட்டுவார்கள். கடைசிக் கட்டத்தில் சம்பந்தி சொன்னதை அவரும் சொல்லிவிட்டால், மகள் வாழ்வு போச்சு.

மறுநாள் மத்தியானம். முதலாளி ஆனைக்குட்டத்தில் ஒரு துஷ்டி வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார். தனுஷ்கோடி பல் பிடுங்க விருதுநகர் போயிருந்தான். மிஷினில் மஞ்சளும் சிவப்பும் நீலமும் ஓடி முடிந்து, எட்டாயிரம் தாள் கறுப்புக்குக் காத்திருந்தது. சோணைமுத்து சாப்பிடப் போனான். கறுப்புக் கல் தனியாக இருந்தது. ஓரத்தில் சாக்பீசில் ‘வை’.

முழுக்கல்லையும் தேய்க்க மணலை அள்ளியவன், கல்லிலிருந்து பார்த்த தன் முகத்தைக் கண்டதும் கையை நிறுத்தினான். காதும் மருவும் அச்சுஅசலாக இருந்தன. தன் முகத்தைத் தானே தேய்க்க யாருக்குக் கை வரும்? யோசித்தான். படத்தில் என்ன இருக்கிறது? படத்தை எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாம். வீரலட்சுமி பத்து வருஷம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். மானம் போவதெல்லாம் எழுத்தில்தான். தப்புத் திருத்துவதற்குத் தனுஷ்கோடி வைத்திருக்கும் சின்னச் சாணைக்கல் துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்தான். ஒவ்வொரு முட்டையாக, கோடு கலையாமல், உள்ளே இருந்த எழுத்தை மட்டும் உரசி எடுத்தான். தலைப்பையும் எடுத்தான். தனுஷ்கோடி செய்கிறாற்போலவே பிசின் தண்ணீரைத் தடவி வைத்தான்.

சோணைமுத்து வந்து கல்லை ஏற்றி ஓட்டினான். கலரும் கோடும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் அவன் வேலை. பொருந்தியது. எழுத்து இருக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலையில் சேராது. அவனுக்கும் எழுத்துத் தெரியாது. பொழுது சாய்வதற்குள் எட்டாயிரமும் ஓடிவிட்டது.

மறுநாள் காலையில் முதலாளி போட்ட சத்தம் தெப்பக்குளம் வரை கேட்டது.

“எவம்லே அது? கும்பா மாமா வாயத் தொறக்காரு, ஒண்ணும் வரலையே! எட்டாயிரம் ஊமையனா அடிச்சு வச்சிருக்கீக?”

தனுஷ்கோடி வீங்கின கன்னத்தோடு கல்லைக் குனிந்து பார்த்தான். முட்டையின் கோடு மயிரளவும் கெடவில்லை. பத்து வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த கை ஒன்றுதான் இப்படிச் செய்யும். நிமிர்ந்து பெத்தணனைப் பார்த்தான். பெத்தணன் அவனைப் பார்த்தான். யார் செய்தது என்று சொன்னால் ஏன் செய்தான் என்றும், தான் வரைந்த கேலியைப் பற்றியும் தனுஷ்கோடி சொல்ல வேண்டிவரும்.

“பிசின் தண்ணி கூடிப்போய் எழுத்தத் தின்னுருச்சு மொதலாளி,” என்றான் தனுஷ்கோடி.

“வேற கல்லு எழுத எம்புட்டு நாளாகும்?”

“நாலு நாளு.”

“நாளைக்கு லேபிள் லோடோட புஸ்தகமும் ஏறணுமே!” முதலாளி தாளைக் கையில் வைத்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தார். எட்டாயிரம் தாளைத் தூரப் போட அவரால் முடியாது. அந்தத் தாளே தூரப் போட மனசில்லாமல் பிறந்த தாள்தானே. அரை மணி நேரத்தில் முகம் தெளிந்தது. ஒரு துண்டுச்சீட்டு அடித்து உள்ளே சொருகச் சொன்னார். ‘கும்பா மாமா என்ன சொல்கிறார்? நீங்களே எழுதி அனுப்புங்கள்! சிறந்த பதிலுக்கு ஒரு பெட்டி மத்தாப்பு.’

பரிசம் நாளன்று அய்யாதுரை ஏழு பேரோடு வந்தார். கருப்பம்மாள் வடை சுட்டிருந்தாள். பெத்தணன் அந்தப் பக்கமே போகவில்லை. வெற்றிலைத் தட்டு மாற்றுவதற்கு முன்னால் அய்யாதுரை இடுப்பிலிருந்து சுருட்டிய புத்தகத்தை உருவினார். மாசி ‘புஸ்வாணம்’.

“சம்பந்தி, பஸ்ஸுல ஒருத்தன் குடுத்தான். இதுல இருக்கது நீங்கதானாமே? ஊரெல்லாம் ஒரே பேச்சா இருக்கு.”

அய்யாதுரை படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “காதப் பாத்தா நீங்கதான். வாய் நெறைய வடையா இருக்கு. வாசல்ல நிக்கது நாங்க போல. எனக்கு எழுத்துத் தெரியாது. மருமகளே, இங்க வாத்தா. என்னதான் எழுதிருக்குன்னு வாசி.”

வீரலட்சுமி வந்து புத்தகத்தை வாங்கினாள். முட்டைகளெல்லாம் வெளுப்பாகக் கிடந்தன. பெத்தணன் தரையைப் பார்த்தான். அவள் முதல் முட்டையில் விரலை வைத்தாள். மூன்றாம் வகுப்பில் வாசித்த அதே குரல்.

“‘சம்பந்தி வீட்டுக்காரக வெயில்ல வாராக. வடையில மண்ணு கிண்ணு கெடந்து அவுக பல்லு போயிட்டா நம்ம வீட்டுக்குத்தான கெட்ட பேரு. நான் ஒண்ணொண்ணாக் கடிச்சுப் பாக்கேன்.’” விரல் அடுத்த முட்டைக்கு நகர்ந்தது. “‘வாங்க வாங்க! என் பல்லு போனாலும் போகுது, உங்க பல்லு பத்திரம்.’ அதுக்குச் சம்பந்தி சொல்றாரு: ‘இப்பேர்ப்பட்ட மனுசன் வீட்ல பொண்ணெடுக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்.’”

அய்யாதுரை புத்தகத்தை வாங்கி, வெளுத்த முட்டைகளை ஒரு தரம் பார்த்து, மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நல்லாத்தான் எழுதிருக்கான்,” என்றார். “தட்ட மாத்துங்க.”

கல்யாணம் பங்குனியில் நடந்தது. அதற்குள் அச்சாபீசுக்குச் சாக்குச் சாக்காகக் கார்டு வந்து இறங்கியிருந்தது. அப்போதுதான் தனுஷ்கோடி பெத்தணனிடம் தனியாகச் சொன்னான்.

“ஒண்ணு சொல்லுதேன், அடிச்சிராதீக. வித்தது கொறஞ்சு போச்சுன்னு மாசியோட புஸ்வாணத்த நிறுத்துறதா இருந்தாரு மொதலாளி. ஒரு மாசம் சும்மா இருந்திருந்தீகன்னா கும்பா மாமா தானாப் போயிருப்பாரு. இப்ப மாசாமாசம் வெறும் முட்டையா ஒரு பக்கம் போடணும்னு ஆர்டர். நீங்கதான் அவருக்கு ஆயுசு குடுத்துருக்கீக.”

அதோடு போகவில்லை. கணக்குப்பிள்ளைக்கு நேரமில்லை என்பதால், வந்த கார்டுகளைப் படித்துப் பிரிக்கும் வேலை யாருக்கு என்று பேச்சு வந்தது. “பெத்தணனுக்கு எழுத்துத் தெரியுமாமே, அவங்கிட்ட குடுங்க” என்றார் முதலாளி. தினமும் கல் தேய்த்துக் கை கழுவியபின், கண்ணாடியை வைத்துக்கொண்டு, தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தன்னைத் திட்டியதையெல்லாம் பெத்தணன் எழுத்துக்கூட்டி வாசித்தான். நூறு கார்டு தாண்டியபோது கண்ணாடி தேவைப்படவில்லை. முந்நூறு தாண்டியபோது தன்னையறியாமல் ஒன்றுக்குச் சிரித்தான். அதைத்தான் பரிசுக்கு எடுத்துவைத்தான். கோயில்பட்டிப் பிள்ளை ஒருத்தி எழுதியது. வாயில் வடையோடு மாமா சொல்கிறார்: ‘ம்ம் ம்ம்ம் ம்ம்.’

ஆறு வருஷம் ஓடிவிட்டது. ஆண்டு மலர் வந்த கையோடு, தீபாவளிக்குப் பெத்தணன் தாயில்பட்டிக்குப் போனான். கையில் மலர். சாப்பிட்டு முடிந்ததும் அய்யாதுரை கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டார்.

“இன்னிக்கு நீங்க வாசிங்க சம்பந்தி. இப்ப உங்களுக்குத் தண்ணிபட்ட பாடாமே.”

பெத்தணன் வரலாற்றுப் பக்கத்தைப் பிரித்தான். முதலாளியின் படம், கீழே அவர் பால்ய வயது ஏக்கம். போட்டி என்னும் புதுமை தமக்கு எப்படித் தோன்றியது என்று ஒரு பத்தி. பதினாறு வருஷத்தில் உழைத்தவர்கள் என்று ஏழெட்டுப் பேர். பெத்தணன் பேர் இல்லை. வீரலட்சுமி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பின்னால் நின்று பக்கத்தைப் பார்த்தாள்.

பெத்தணன் தொண்டையைச் செருமினான். முதல் வரியில் விரலை வைத்தான்.

“‘புஸ்வாணம் பத்திரிகை காலண்டர் வெட்டுன மிச்சத் தாளுல பொறந்தது. அதுக்கு மொகம் குடுத்தவர் கல்லு தேய்க்கிற பெத்தணன். பாதியில சாகக் கெடந்த பத்திரிகைக்கு உசுரு குடுத்தவரும் அவரே…’”

“நிறுத்தி வாசிங்கய்யா,” என்றாள் வீரலட்சுமி. “அவசரமில்ல.”

அய்யாதுரை கண்ணை மூடியபடி சிரித்தார். “மகளுக்கு எங்கனருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரியுது. அன்னிக்கு அவ வாசிச்சதும் வெறும் முட்டையத்தான?”

பெத்தணனின் விரல் அசையவில்லை. “உங்களுக்கு… தெரியுமா?”

“எழுத்துத் தெரியாதுன்னா கண்ணுமா தெரியாது? எட்டு முட்டையும் வெள்ளையாக் கெடக்கு, பிள்ளை வெரல ஓட்டி ஓட்டி வாசிக்கா. அப்பனுக்காக இம்புட்டு வாசிக்கிறவ நாளைக்கு நமக்காகவும் நாலு வரி வாசிப்பான்னுதான் தட்ட மாத்தச் சொன்னேன்.” ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். “மொதலாளி என்ன சொல்றாருன்னு அதுல ஏதும் போட்டிருக்கா?”

பெத்தணன் முதலாளி எழுதிய இரண்டு பக்கத்தையும் ஒரு தரம் பார்த்தான்.

“ஒரே ஒரு வரிதான் சம்பந்தி,” என்றான். “அதுவும் கடைசியில.”